பன்னிரண்டு குடமும் ஒரு செம்பும்

மார்கழி மாதக் குளிரில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது மணிக்கொரு முறை வெளியே போகவேண்டியிருக்கிறது. சிறுநீரும் ஏறத்தாழத் தண்ணீரைப் போலவே நிறமின்றி இருக்கிறது. அதே நீங்கள் சித்திரை வெயிலில் மாலை வரை பந்து விளையாடிவிட்டு வீடு திரும்புகிறீர்கள். இப்போது கழிவது மிகக் கொஞ்சம். அதுவும் அடர்ந்த மஞ்சள் நிறம். இதைக் கவனித்திருக்கிறீர்களா? கவனித்திருந்தால், உடலியலில் ஒரு நல்ல சோதனையை நீங்கள் உங்களை அறியாமலே செய்து முடித்திருக்கிறீர்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

அந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உழைத்துவிட்டு அழிகின்றன. அவற்றிலிருந்த ஹீமோகுளோபின் சிதைந்து, பல மாற்றங்களுக்குப் பிறகு, யூரோபிலின் என்னும் மஞ்சள் நிறப் பொருளாகச் சிறுநீரில் வந்து சேருகிறது. ஒரு நாளில் வெளியேறும் நிறப்பொருளின் அளவு பெரிதாக மாறுவதில்லை. அது கரைந்திருக்கும் தண்ணீரின் அளவுதான் மாறுகிறது. ஒரே அளவு மஞ்சள் தூளை ஒரு குடம் தண்ணீரிலும் ஒரு தம்ளர் தண்ணீரிலும் கரைத்துப் பாருங்கள், விளங்கிவிடும்.

ஆக, உடலிலிருந்து எவ்வளவு தண்ணீரை வெளியே விடலாம், எவ்வளவைப் பிடித்து வைக்கலாம் என்று எங்கோ ஓரிடத்தில் கணக்குப் பார்க்கப்படுகிறது. அந்தக் கணக்கை நிறைவேற்றுபவை சிறுநீரகங்கள்.

முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதையின் வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. வளர்ந்த மனிதரிடம் ஒவ்வொன்றும் சுமார் 11 சென்டிமீட்டர் நீளம். எடை 150 கிராம் அளவில் இருக்கும். மேலே கல்லீரல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். இவற்றின் வேலை என்ன என்று தேர்வில் கேட்டால், "இரத்தத்திலுள்ள கழிவுகளை வடிகட்டி வெளியேற்றுதல்" என்று எழுதுவீர்கள். மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த விடையில் பாதிக் கதைதான் இருக்கிறது. சுவையான பாதி விடுபட்டுப் போகிறது.

கணக்கைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாக, அதாவது ஒரு லிட்டருக்குக் குறையாமல், இந்தச் சிறிய இரு உறுப்புகளுக்குள் பாய்கிறது. அங்கே நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர் நீர்மம் வடிகட்டப்படுகிறது. நிமிடத்துக்கு 125 என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள்: 180 லிட்டர்! 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் பன்னிரண்டு குடம். உங்கள் உடம்பிலோ அணுக்கள் நீங்கிய இரத்த நீர்மம், அதாவது பிளாஸ்மா, மூன்று லிட்டர் அளவுதான் இருக்கிறது. அப்படியானால் அந்த மூன்று லிட்டரும் ஒரே நாளில் அறுபது முறை வடிகட்டப்படுகிறது என்று பொருள்.

ஆனால் ஒரு நாளில் நாம் கழிக்கும் சிறுநீர் சாதாரணமாக ஒன்றரை லிட்டர்; ஒரு செம்பு அளவு. பன்னிரண்டு குடம் வடிந்து ஒரு செம்புதான் வெளியே வருகிறது. மீதி எங்கே போயிற்று?

திரும்ப இரத்தத்துக்கே போயிற்று. சிறுநீரகத்தின் உழைப்பில் பெரும்பகுதி, வடித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்தான் செலவாகிறது.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது என்ன செய்கிறார்கள்? பானை, பாய், பெட்டி, புத்தகம் எல்லாவற்றையும் தூக்கி முற்றத்தில் வைத்துவிடுகிறார்கள். வாசல் வழியே நுழையாத நெல் குதிர் மட்டும் உள்ளேயே நிற்கும். பிறகு அம்மா முற்றத்தில் நின்று, வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டு போகிறார். கடைசியில் முற்றத்தில் மிஞ்சிக் கிடப்பதுதான் குப்பை. சிறுநீரகம் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. உள்ளே உட்கார்ந்து குப்பையைத் தேடிப் பொறுக்குவதில்லை.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானும் ஒரு நுண்ணிய குழல். அதன் ஒரு முனை கிண்ணம் போல் குழிந்திருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள் இரத்தத் தந்துகிகள் நூல் உருண்டை போல் சுருண்டு கிடக்கின்றன. இந்த உருண்டைக்குக் குளோமெருலஸ் என்று பெயர். இதயம் கொடுத்த அழுத்தத்தால் தந்துகிச் சுவர் வழியே நீர், உப்புகள், குளுகோஸ், அமினோ அமிலங்கள், யூரியா ஆகிய சிறிய மூலக்கூறுகள் எல்லாம் கிண்ணத்துக்குள் கசிகின்றன. இரத்த அணுக்களும் பெரிய புரத மூலக்கூறுகளும் கசிய முடியாமல் உள்ளேயே நிற்கின்றன. இவைதாம் நாம் சொன்ன நெல் குதிர்கள்.

இது கற்பனை இல்லை என்று எப்படித் தெரியும்? நெஃப்ரானைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாதே! இங்குதான் ஒரு நல்ல அறிவியல் வழக்கு நடந்தது.

1842-இல் லண்டனில் வில்லியம் பௌமன் என்ற இளைஞர் சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களில் வண்ணப் பொருளைச் செலுத்தி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். தந்துகி உருண்டையைச் சூழ்ந்த கிண்ணமும் அதிலிருந்து புறப்படும் குழலும் ஒரே தொடர்ச்சி என்று கண்டார். அதனால்தான் இன்றும் அது பௌமன் கிண்ணம். உருண்டையிலிருந்து தண்ணீர் மட்டும் வருகிறது, கழிவுகளைக் குழலின் சுவர்தான் சுரக்கிறது என்று அவர் எண்ணினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லுட்விக் வேறு விதமாகச் சொன்னார்: சிறிய மூலக்கூறுகள் அனைத்தும் கிண்ணத்தில் வடிந்துவிடுகின்றன, பிறகு குழலில்தான் தண்ணீர் திரும்ப எடுக்கப்படுகிறது. இருவருமே 1816-இல் பிறந்தவர்கள். இருவருக்கும் அப்போது வயது 25 அளவில்தான். யார் சொன்னது சரி என்ற விவாதம் எண்பது ஆண்டுகள் நீடித்தது.

தீர்ப்புச் சொன்னது ஒரு தவளை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஏ. என். ரிச்சர்ட்ஸ், ஜோசப் வேர்ன் என்ற இருவர் தவளையின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்கள். அது மெல்லியது, குளோமெருலஸ் உருண்டைகள் அதில் தெளிவாகத் தெரியும். முடியைவிட மெல்லிய முனையுள்ள கண்ணாடிக் குழலை ஒற்றைப் பௌமன் கிண்ணத்துக்குள் செருகி, அங்கே கசிந்திருந்த நீர்மத்தை உறிஞ்சி எடுத்தார்கள். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! கிடைத்தது ஒரு துளிகூட இல்லை, துளியில் சிறு பங்கு. அதைச் சோதித்தார்கள். புரதம் இல்லை. சர்க்கரை இருந்தது, குளோரைடு உப்பும் இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையிலிருந்த சிறுநீரிலோ சர்க்கரை இல்லை. அப்படியானால் கிண்ணத்துக்கும் பைக்கும் இடைப்பட்ட வழியில் சர்க்கரையை யாரோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? 1924-இல் இந்த முடிவு வெளியானபோது லுட்விக்கின் பக்கம் வலுத்தது. பௌமன் சொன்னதும் முழுத் தவறில்லை என்று பின்னர் தெரியவந்தது, அதற்கு வருகிறேன்.

திரும்ப எடுக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு, கிண்ணத்தை அடுத்த அண்மைச் சுருள்குழலிலேயே முடிந்துவிடுகிறது. குளுகோஸை எடுத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் வடிகிறது. 180 கிராமும் திரும்பிவிடுகிறது. சமையல் உப்புக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோவுக்கு மேல் வடிகிறது. சில கிராம்தான் வெளியே போகிறது. இந்த மீட்பு சும்மா நடப்பதில்லை. குழலின் செல்கள் ஆற்றலைச் செலவழித்துச் சோடியத்தை இறைக்கின்றன. அதோடு மற்றவையும் நீரும் பின்தொடர்கின்றன. உடல் எடையில் இருநூறில் ஒரு பங்கு அளவே உள்ள சிறுநீரகங்கள், ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை எடுத்துக்கொள்வது இதற்காகத்தான்.

குளுகோஸை மீட்கும் செல்களின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமுக்கு மேல் குளுகோஸ் ஏறினால், வடிவதையெல்லாம் எடுத்து முடிக்க அவற்றால் இயலாது. மிஞ்சியது சிறுநீரோடு போகிறது. போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. எனவே நோயாளி அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார், ஓயாமல் தாகம் எடுக்கிறது. இந்த நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயரைப் பாருங்கள்: நீரிழிவு. நோயின் அடையாளத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். அத்தகைய சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்பதையும் நம் நாட்டுப் பழைய மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, பிறகு ஆற்றல் செலவழித்துப் பொறுக்குவது வீண் வேலை இல்லையா என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். குப்பையை மட்டும் அடையாளம் கண்டு வெளியேற்றுவதாக இருந்தால், உலகத்திலுள்ள ஒவ்வொரு வேண்டாத பொருளையும் அடையாளம் காணத் தனித்தனி ஏற்பாடு வேண்டும். நாளைக்கு யாரோ ஓர் ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒரு மருந்தைத் தயாரித்தால் அதற்கு என்ன செய்வது? இப்போதுள்ள முறையில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. உடலுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியல் சிறியது. அவற்றை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் போதும். பட்டியலில் இல்லாதவை பல, தாமே வெளியே போய்விடும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை விழுங்கிய அன்று சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேவைக்கு மேற்பட்ட ரிபோஃபிளேவின் வைட்டமின் அப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய வைட்டமின்தான், என்ன செய்வது!

சில பொருள்களைக் குழலின் சுவரே இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே தள்ளுவதும் உண்டு. பௌமன் சொன்னதில் இருந்த உண்மை இதுதான். பென்சிலின் மருந்தை இப்படித்தான் சிறுநீரகம் விரைவாக வெளியேற்றுகிறது. 1941-இல் ஆக்ஸ்போர்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பென்சிலின் கொடுத்தபோது கையிருப்பு மிகக் குறைவு. ஆகவே அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கு ஊசி போட்டார்கள்.

இனி, சித்திரை வெயிலுக்குத் திரும்புவோம். அண்மைச் சுருளைத் தாண்டியதும் குழல் கீழ்நோக்கி இறங்கி, கொண்டையூசி போல் வளைந்து மேலே ஏறுகிறது. இது ஹென்லே வளைவு. ஏறும் பக்கம் உப்பை வெளியே இறைக்கிறது, தண்ணீரை விடுவதில்லை. இதனால் சிறுநீரகத்தின் உட்பகுதி, ஆழம் போகப் போக உப்புச் செறிவு மிகுந்ததாக ஆகிறது. அடிப்பகுதியில் இரத்தத்தைப்போல் நான்கு மடங்கு. இந்தச் செறிந்த பகுதியின் ஊடாகத்தான் கடைசிக் கட்டமான சேகரிப்பு நாளங்கள் இறங்கிப் போகின்றன. நாளத்தின் சுவரில் நீர் புகும் வழி திறந்திருந்தால், சவ்வூடு பரவலால் தண்ணீர் வெளியே இழுக்கப்பட்டு இரத்தத்தில் சேரும், சிறுநீர் செறிவாகும். மூடியிருந்தால் தண்ணீர் அப்படியே வெளியேறும்.

அந்த வழியைத் திறப்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வாசோப்ரெசின் என்னும் ஹார்மோன். வியர்வையால் நீர் குறைந்து இரத்தம் சற்றே செறிந்தால்கூட மூளை உணர்ந்துகொண்டு அதை அனுப்புகிறது. செல்களின் சுவரில் தண்ணீருக்கென்றே அமைந்த நுண் வாயில்கள் உண்டு என்று பீட்டர் அக்ரே கண்டறிந்து 2003-இல் நோபல் பரிசு பெற்றார். ஹார்மோன் வந்ததும் இத்தகைய வாயில்கள் சேகரிப்பு நாளத்தின் சுவருக்கு வந்து சேருகின்றன. விடுமுறை நாளொன்றில் இரண்டு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எத்தனை நிமிடம் கழித்துச் சிறுநீர் வெளுத்து வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஹார்மோன் குறைந்து வாயில்கள் விலகுவதற்கு ஆகும் நேரம் அது.

நான்கு மடங்குக்கு மேல் நம்மால் செறிவாக்க முடியாது. கடலில் திசை தவறிய படகில் இருப்பவர் கடல் நீரைக் குடிக்கக்கூடாது என்பது இதனால்தான். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெளியேற்ற ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்கவேண்டியிருக்கும். குடித்ததைவிட இழந்தது அதிகமாகிவிடும்.

உருவான சிறுநீர், சிறுநீர் நாளங்கள் இரண்டின் வழியே சிறுநீர்ப்பைக்கு வருகிறது. நாளத்தின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி அதைத் தள்ளுகின்றன. எனவே படுத்திருந்தாலும் அது பைக்கு வந்து சேரும். பையில் 400 மில்லிலிட்டர் அளவு வரை தாராளமாகப் பிடிக்கும். அதன் வாயில் இரண்டு சுருக்குத் தசைகள். ஒன்று தானாக இயங்குவது, மற்றது நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது தசை இருப்பதால்தான் மணி அடிக்கும் வரை உங்களால் பொறுத்திருக்க முடிகிறது.

ஆனால் எவ்வளவு நேரம் பொறுப்பது? ஒரு பள்ளியில் இதைப் பற்றிப் பேசப் போயிருந்தபோது, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் மாலை வரை எத்தனை பேர் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மாணவிகள் பக்கத்தில் ஏழெட்டுக் கைகள்தான் உயர்ந்தன. காரணம் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒரு மாணவி எழுந்து, "குடித்தால் போகணுமே, ஐயா. அங்கே போகவே முடியாது" என்றாள். அந்தக் கழிப்பறையை நானும் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை.

இதில் உடலியல் என்ன சொல்கிறது? பெண்களுக்குச் சிறுநீர்ப் புறவழியின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா அந்தக் குறுகிய வழியில் எளிதில் ஏறிவிடும். நிறையச் சிறுநீர் அடிக்கடி வெளியேறினால், ஏறியவை அடித்துக்கொண்டு போகப்படும். தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்தால் அவை பெருக அவகாசம் கிடைக்கிறது. எரிச்சலும் காய்ச்சலும் வரும்; சில வேளை தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிடும். செறிந்த சிறுநீரில் கால்சியம் ஆக்சலேட் படிகமாகிக் கல் உண்டாகும் வாய்ப்பும் அதிகம். எனவே பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதெல்லாம் சிறுநீரகத்தைப் பற்றிய கேள்விகளே. தலைமை ஆசிரியரிடம் நீங்கள் தயங்காமல் கேட்கலாம். பதிலாக இந்தப் பக்கத்தைக் காட்டினாலும் சரி.

சிறுநீரகத்தின் குறை ஒன்று உண்டு: அது வலித்துக் காட்டுவதில்லை. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ ஆண்டுக்கணக்கில் நெஃப்ரான்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கும். மிஞ்சியவை கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்ளும். பாதிக்கு மேல் போன பிறகும் ஆள் நடமாடிக்கொண்டுதான் இருப்பார். பிறந்த பிறகு புதிய நெஃப்ரான்கள் உண்டாவதும் இல்லை. முதல் அடையாளம் பெரும்பாலும் சிறுநீரில் புரதம் வருவதுதான். வாசலைத் தாண்டக்கூடாத நெல் குதிர் முற்றத்துக்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். சாதாரணச் சிறுநீர்ச் சோதனையும் ஓர் இரத்தச் சோதனையும் இதைக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறார்களா? ஆண்டுக்கொரு முறை இந்தச் சோதனைகளைச் செய்துகொண்டார்களா என்று கேளுங்கள். மூட்டு வலிக்கு மருத்துவரைக் கேட்காமலே மாதக்கணக்கில் வலிமாத்திரை விழுங்குகிறார்களா என்றும் பாருங்கள்; அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்துக்கு ஆகாதவை.

முற்றிலும் செயலிழந்தால் என்ன வழி? இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943-இல் ஒரு கருவியைச் செய்தார். இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி, அதனுள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டு, உருளையை உப்புக் கரைசலில் சுழற்றினார். யூரியா சவ்வின் வழியே கரைசலுக்கு வந்துவிட்டது. தொடக்கத்தில் அவரிடம் வந்த நோயாளிகள் ஏறக்குறைய அனைவரும் இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945-இல் நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் கண்விழித்தார்.

இன்றைய டயாலிசிஸ் கருவி அதன் வழித்தோன்றல்தான். பலருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் தேவைப்படுகிறது. கருவியில் நிமிடத்துக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் தூய கரைசல் ஓடவேண்டும். நான்கு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடுங்கள்: 120 லிட்டர். எட்டுக் குடம்! அத்தனையும் பிறகு சாக்கடைக்குப் போகிறது. வடித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வித்தை அந்தக் கருவிக்குத் தெரியாது. சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கவோ வைட்டமின் டி-யைச் செயல்படு நிலைக்கு மாற்றவோகூட அதனால் இயலாது. சிறுநீரகம் இவற்றையும் செய்துவந்தது.

எனவேதான் மாற்றுச் சிறுநீரகத்தை நாடினார்கள். 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே, இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த அறுவை வெற்றிகரமாக நடந்தது. கொடுத்தவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்கிறார். சில வாரங்களில் அந்த ஒன்று சற்றுப் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து வடித்ததில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவை எட்டிவிடுகிறது. புதிய நெஃப்ரான் ஒன்றுகூட உண்டாவதில்லை. இருக்கும் பத்து லட்சமும் தம் வேலையைக் கூட்டிக்கொள்கின்றன.